அவர் விட்டுவைத்த கடைசிச் சொல்

"ஆமென்" என்ற சொல்லை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பதை, முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, மெல்பேர்னில் ஒரு யூத ஜெபாலயத்தின் மேல்மாடத்தில் நின்றுகொண்டுதான் நான் படித்தேன். அதுவரை அது எங்கள் வீட்டுச் சொல் என்று நினைத்திருந்தேன். நான் யாழ்ப்பாணத்து வேதக்காரி, கிறிஸ்தவள். ஊரில் எங்கள் கோயிலில் பாட்டை நாங்களே பாடுவோம், முடிவில் ஆமெனையும் நாங்களே போடுவோம். அந்தப் பழக்கத்தில் முதல் ஒத்திகையிலேயே ஒரு பாட்டின் முடிவில் தனியாக ஓர் ஆமென் போட்டுவிட்டேன். ஓர்கன் நின்றது. மற்ற மூன்று பாடகர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கே தன் ஜெபத்துக்குத் தானே ஆமென் சொல்வதில்லை" என்று ஓர்கன் வாசித்தவர் எனக்கு விளக்கினார். ஒருவர் ஜெபத்தைச் சொல்வார், கேட்டவர்கள் ஆமென் சொல்வார்கள். நீ சொன்னது மெய், நானும் உன்னோடு நிற்கிறேன் என்று கேட்டவர் வைக்கும் கையெழுத்து அது. எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு காலமும் எனக்கு நானே கையெழுத்து வைத்திருக்கிறேன்.

நாங்கள் எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம் வந்தவர்கள். மெல்பேர்ன் புறநகரான கிளேய்டனில் வாடகை வீடு. என் மனுசனுக்கு ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை, எனக்கு ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசை. அங்கே தாதியாக இருந்தவள் நன்றாகப் பாடுவாள். ஒரு நாள் மத்தியானம் நான் கோப்பை கழுவிக்கொண்டு எதையோ முணுமுணுத்ததைக் கேட்டுவிட்டு, "உனக்கு இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். ஊரில் வருடக்கணக்காகப் பாடகர் குழுவில் தணிந்த குரல் பாடியவள் நான். அப்படியொரு குரலுக்குத் தான் பாடும் இடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்றாள். எந்த இடம் என்று சொன்னபோது சிரித்துவிட்டேன். ஜெபாலயம் என்று பைபிளில் வாசித்திருந்தேனே தவிர, அதற்கு ட்ராமில் போகலாம் என்று நான் யோசித்ததேயில்லை.

அது பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்திய ஒரு சபை. ஆணும் பெண்ணும் ஒன்றாக இருப்பார்கள். ஓர்கன் உண்டு. பாடுவதற்குச் சம்பளத்துக்கு நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர்கூட யூதர் இல்லை என்பதுதான் வேடிக்கை. பின்பக்க மேல்மாடத்தில் மரத்தட்டிக்குப் பின்னால் நின்று, கீழே இருப்பவர்களுக்காக அவர்களுடைய கடவுளைப் புகழ்ந்துவிட்டு, றெயின் பிடித்து வீட்டுக்குப் போவோம். அங்கிருந்து எனக்குத் தெரிந்ததெல்லாம் வழுக்கைத் தலைகளும் சின்னத் தொப்பிகளும்தான். எபிரேயச் சொற்களை இங்கிலிஷ் எழுத்தில் எழுதித் தருவார்கள். அதில் இரண்டு சொல் எனக்கு முதலே தெரியும்: ஒன்று ஆமென், மற்றது அல்லேலூயா. இரண்டையும் பிழையாகத்தான் தெரிந்து வைத்திருந்தேன்.

அல்லேலூயாவில் என் பிழை வேறு மாதிரி. எங்கள் ஊர்க் கீர்த்தனைகளில் 'லூ' வருகிற இடத்தில் குரல் நேராகப் போகாது. மேலே ஒரு தட்டுத் தட்டி, வளைந்து இறங்கித்தான் 'யா'வுக்கு வரும். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, சோற்றோடு சேர்ந்து உள்ளே போயிருந்தது. ஓர்கன்காரருக்கு அது ஆகாது. "நேராக, நேராக" என்று கையால் காற்றில் கோடு இழுத்துக் காட்டுவார். நேராகப் பாடப் பழகினேன். பழகப் பழக அந்த மாடமும் எனக்குப் பிடித்துப் போயிற்று.

என் மனுசன் பகிடிக்காரர். "வெள்ளியும் சனியும் மோசேயிட்டை, ஞாயிறு இயேசுவிட்டை. செவ்வாய்க்கிழமை சும்மாதானே இருக்கிறீர், முருகனிட்டையும் ஒரு வேலை கேட்டுப் பாரும்" என்பார். எங்கள் தமிழ் ஆராதனை மாதத்தில் ஒரு ஞாயிறு, ஒரு வெள்ளைக்காரக் கோயிலை இரவல் வாங்கி நடக்கும். அங்கே பாட்டை நடத்தியது நான்தான். ஒத்திகை சனிக்கிழமைகளில் நடக்கும். ஜெபாலயத்தில் பாட்டுள்ள வாரங்களில் நான் போகமாட்டேன். "அக்கா இப்ப எபிரேயத்திலைதான் கனவு காணுறா" என்று அங்கே பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இரண்டு தோணியில் கால் வைத்திருந்தேன், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன.

இப்படிப் பத்து வருடம்போல ஓடியது. பிறகு அவர் வந்தார்.

யூதக் கோயிலில் பிரசங்கம் செய்பவர் ஒருவர், அவர் ரபி. ஜெபத்தைப் பாடி நடத்துபவர் இன்னொருவர். அவரை இங்கிலிஷில் கன்ரர் என்பார்கள். அந்தப் பதவிக்கு அவர்களிடம் உள்ள பழைய பெயருக்குச் சபையின் தூதர் என்று அர்த்தமாம். முன்பிருந்த கன்ரர் நாடகமேடையில் பாடுவதுபோலப் பாடுவார், சபை மரியாதையாக நித்திரை கொள்ளும். புதியவர் தென்னாபிரிக்காவில் இருந்து வந்தவர், நாற்பது வயதிருக்கும், சட்டைக் கையை எப்போதும் முழங்கை வரை மடித்திருப்பார். வந்த முதல் மாதமே மேல்மாடத்துக்கு ஏறி வந்து எங்கள் நாலு பேருக்கும் கை தந்தார். "நான் இவர்களுடைய தொண்டை. வானொலி இல்லை. இவர்கள் பாட வேண்டும்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் பாடினால் நாங்கள் எதற்கு என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், யாருக்குத் தோன்றியது!

அவருடைய வழி இதுதான். பாடிக்கொண்டே போவார், வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிடுவார். அந்தச் சொல்லைச் சபைக்கு விட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார். முதல் வாரங்களில் ஒரு சத்தமும் வராது. யாரோ இருமுவார்கள். எங்களுக்கு மேலே நின்று தொண்டை துடிக்கும், நாலு பேர் சேர்ந்து அந்தச் சொல்லைப் போட்டுவிட்டால் எல்லாருடைய மானமும் தப்பும். ஆனால் கூடாது என்று முன்கூட்டியே கட்டளை போட்டிருந்தார். அந்த வெறுமையில் அவர் அசையாமல் நிற்பார். தொழுகை முடிந்ததும் கதவடியில் நின்று ஒவ்வொருவரிடமும், "இன்றைக்கு எந்தச் சொல்லைப் பாடினீர்கள்?" என்று கேட்பார். ஒரு சொல்லும் பாடாதவர்கள் பக்கவாசலால் போகத் தொடங்கினார்கள்.

இப்படி அரை வருடம் போனபின் எங்களைக் கீழே வரச் சொன்னார். மாடத்தை விட்டு இறங்கி, சபையின் நடுவில் ஆளுக்கொரு வரிசையாகப் பிரிந்து இருக்க வேண்டும். அவர் சொல்லை விடும்போது நாங்கள் மெல்லப் பிடித்துக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணிவு வரும். மற்ற மூவரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குச் சந்தோஷம். பத்து வருடம் வழுக்கைத் தலைகளாகவே பார்த்தவர்களை முகத்தோடு பார்க்கப் போகிறேன்.

எனக்குக் கிடைத்த இடம் நடுவரிசையில், ஹங்கேரியில் பிறந்த ஓர் அம்மாவுக்குப் பக்கத்தில். எழுபது வயது தாண்டியவர். முன்பு நகரத்தில் தையல்சாமான் கடை வைத்திருந்தவர். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை, உனக்குச் சுருதி இல்லை, வாயை மட்டும் அசை என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து இந்த வயதுவரை வாயை மட்டுந்தான் அசைத்து வந்திருக்கிறார். அதை ஒரு நோயைச் சொல்வதுபோல என் காதில் சொன்னார். "என் குரலைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்" என்றேன். முதலில் காற்றுத்தான் வந்தது. பிறகு ஓர் ஒலி வந்தது. சில மாதத்தில் அது சுருதிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அன்றைக்கு அவர் என் முழங்கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கில் எனக்கு நீலம் கட்டிப்போயிற்று.

பைபிளில் உள்ள ஒரு சங்கீதத்துக்குக் கன்ரர் புது மெட்டு ஒன்று போட்டார். நாலே வரி, ஒவ்வொரு வரியும் அல்லேலூயாவில் முடியும். பெண்களுக்கு ஆண் குரலோடு சேர்ந்து பாடக் கஷ்டமாக இருக்கிறது என்று, என் குரலில் அதைக் கசெற்றில் பதிந்து வீட்டுக்கு வீடு கொடுக்க நினைத்தார். அவருடைய அறையில், ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மூடி, குறிப்பு இல்லாமல் மனப்பாடமாகப் பாடினேன். பாடி முடித்தபின்தான் உணர்ந்தேன், எல்லா 'லூ'விலும் என் ஊர் வளைவு வந்திருக்கிறது. மன்னிக்க வேண்டும், திரும்பப் பாடுகிறேன் என்றேன். அவர் நாடாவைச் சுற்றிவிட்டு மறுபடி கேட்டார். "வேண்டாம். இது அழகாக இருக்கிறது. விடுங்கள்" என்றார். ஓர்கன்காரர் வருடக்கணக்காகக் கோடு இழுத்து நேராக்கிய குரல், ஒரு சொல்லில் திரும்பி எனக்கு வந்தது. றெயினில் வரும்போது கண் கலங்கியது. பக்கத்தில் இருந்த பிள்ளை தன் பையைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

அந்தக் கசெற் எல்லாருடைய காரிலும் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சபை வாய் திறந்தது. அவர் சொல்லை விட்டால் பத்துப் பேர் பிடித்தார்கள், பிறகு ஐம்பது பேர், பிறகு கூரை அதிர்ந்தது. என்னைக் கடைத்தெருவில் கண்டால் கை காட்டுவார்கள். "என் குழந்தை உங்கள் குரல் இல்லாமல் தூங்காது" என்று ஒரு தாய் சொன்னாள். சம்பளம் தபாலில் வரும், அதை மனுசன் வங்கியில் போடுவார், நான் பார்ப்பதே இல்லை. நான் அங்கே வேலைக்குப் போகிறேன் என்பதே மறந்துபோயிருந்தது. இவ்வளவுக்கும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். பாட ஓர் இடம், அந்த இடத்தில் நான் இல்லாவிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஊரைவிட்டு வந்தவளுக்கு அது சின்ன ஆசையா, பெரிய ஆசையா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இதற்குள் எங்கள் தமிழ் ஆராதனை மாதம் ஒன்றில் இருந்து வாரம் ஒன்றாக வளர்ந்தது. ஒத்திகைக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் வர முடியுமா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடவா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் இரண்டு வாரத் தவணை கேட்டுவிட்டுக் கன்ரரிடம் போனேன். இங்கே என்னை எவ்வளவு காலத்துக்கு வைத்திருப்பீர்கள் என்று நேராகவே கேட்டேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே இருந்தார்.

"அங்கே போகாதீர்கள்" என்றார். "இந்தச் சபை உங்களைப் பிடித்துக்கொண்டுதான் பாடுகிறது. நான் இங்கே இருக்கும்வரை நடுவரிசையில் உங்களுக்கு ஓர் இடம் இருக்கும். இது என் வாக்கு."

வாக்கு என்றால் அவர்களுக்குச் சும்மா இல்லை. நிறைவேற்றாத வாக்குகளுக்காகக் கடவுளிடம் விடுதலை கேட்க வருடத்தில் ஓர் இரவையே ஒதுக்கி வைத்திருப்பவர்கள் அவர்கள். நான் தமிழ்ப் பாட்டைக் கைவிட்டேன். ஒரு டொக்டரின் மனைவி அதை எடுத்துக்கொண்டாள். நன்றாகத்தான் நடத்தினாள், அது வேறு எரிச்சல்.

அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் நாலு பேரில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். தாதி கலியாணம் செய்து பேர்த் நகருக்குப் போனாள். மற்ற இருவருக்கும் வேறு இடங்களில் பாட்டு வேலை கிடைத்தது. யாருக்கும் பதில் ஆள் எடுக்கவில்லை. அதையும் நான் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன். அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், போய்விட்டார்கள், நான் இருக்கிறேன் என்று நினைத்தேன்.

அவர்களுடைய புதுவருடம் செப்டெம்பர் அளவில் வரும். அந்த வருடம் முதல்நாள் மாலைத் தொழுகைக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன், அந்த நாட்களில் அவர்கள் வெள்ளை உடுப்பார்கள். இடமில்லாமல் பின்னால் மடக்குக் கதிரைகள் போட்டிருந்தார்கள். என் இடம் காலியாக இருந்தது, பக்கத்து அம்மா தன் கைப்பையை அதில் வைத்துப் பிடித்து வைத்திருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வழக்கமான சிரிப்பு வரவில்லை. "வந்துவிட்டீர்களா?" என்றார். ஏன் வரமாட்டேன் என்று கேட்டேன். அவர் பையில் எதையோ தேடத் தொடங்கினார்.

பாட்டு அன்றைக்கு நன்றாக வந்தது. அந்தச் சங்கீதமும் முடிந்தது. கன்ரர் புத்தகத்தை மூடிவிட்டு, சபையைப் பார்த்துப் பேசத் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்கு முதலே பக்கத்து அம்மா என் கையைப் பிடித்தார். இறுக்கிப் பிடித்தார்.

"நண்பர்களே, இன்று நம் சபையின் வரலாற்றில் ஒரு பெரிய நாள்" என்றார் கன்ரர். "இத்தனை வருடங்களில் முதல் தடவையாக, இன்றிரவு இந்தக் கட்டடத்தில் கூலிக் குரல் ஒன்றுகூட இல்லை. நீங்கள் கேட்கும் ஒவ்வொரு குரலும் உங்களுடையது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண் வரிசை வரிசையாக வந்து என்மேல் விழுந்தது. இது என் கற்பனை இல்லை, நான் கண்டேன். ஒரு கணம் நின்றது. அந்த ஒரு கணத்தில் சொல்லை மாற்றியிருக்கலாம். இதோ இருக்கிறார், இவருக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். கண்ணை அடுத்த வரிசைக்கு நகர்த்திக்கொண்டு, கடைசிச் சொல்லையும் சிரித்த முகத்தோடு சொல்லி முடித்தான்.

ஓம், முடித்தான். இங்கிலிஷில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. ஆனால் நான் அவரோடு இங்கிலிஷில் பேசிய அவ்வளவு வருடமும் மனதுக்குள்ளே தமிழில்தான் கேட்டேன், அங்கே அவர் எப்போதும் 'நீங்கள்', எப்போதும் 'அவர்'. அந்தக் கணத்தில் எனக்குத் தெரியாமலே அது 'அவன்' ஆயிற்று. இதற்கு மேலே எழுதப்போவதிலும் அவன் அவன்தான். வாசிப்பவர்கள் குறை நினைத்தாலும் நினைக்கட்டும்.

சபை கை தட்டியது. என்னைச் சுற்றியிருந்த சிலர் கை தட்டத் தொடங்கி, என்னைக் கண்டு, நிறுத்தி, பிறகு நிறுத்தியது மரியாதைக் குறைவோ என்று மறுபடி தட்டினார்கள். கூலிக்கு மாரடிப்பது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அப்படி ஒருத்தியாக நான் அங்கே இருந்தேன், வெள்ளைச் சேலையோடு.

தொழுகை முடிந்ததும் மண்டபத்துக் குசினியில், அப்பிள் துண்டுகளைத் தேனில் தோய்க்க எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்ற இடத்தில், அவனைப் பிடித்தேன். வாக்குத் தந்தீர்களே என்றேன்.

"கொமிற்றி உங்களுக்குச் சொல்லியிருக்கும் என்று நினைத்தேன்" என்றான். "நான் சொல்லுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள்போல. ஐயோ, எவ்வளவு பிசகு! ஆனால் யோசித்துப் பாருங்கள், நாம் இதற்காகத்தானே பாடுபட்டோம்? இது உங்களுடைய வெற்றி."

"அப்படியென்றால் என் இடம்?"

"இடம் எப்போதும் இருக்கும். விருந்தாளியாக வாருங்கள், எந்த வாரமும் வரலாம்" என்றான். ஒரு கையில் அப்பிள் துண்டு, தேன் வடிந்துகொண்டிருந்தது. இடத்துக்கு வாக்குத் தந்தவன், இடத்தை வைத்துக்கொண்டு என்னை எடுத்துவிட்டான். சட்டப்படி பார்த்தால் அவன் ஒன்றும் பொய் சொல்லவில்லை.

பக்கத்து அம்மா வாசல் வரை பின்னால் வந்தார். அவர் கொமிற்றியில் இருப்பது எனக்குத் தெரியும். எப்போது முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன். குளிர்காலத்தில் என்றார். குளிர்காலம் முழுக்க வாரத்துக்கு இரண்டு தரம் என் தோளோடு தோள் இருந்து பாடியிருக்கிறார். இருமலுக்கு நான் இஞ்சி அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அதையும் வாங்கிக் குடித்திருக்கிறார்.

"நீங்களும் ஓம் என்று கை உயர்த்தினீர்களா?"

"உயர்த்தினேன்" என்றார். அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. "நான் இப்போது பாடுகிறேன். நீங்கள் தந்தது. உங்களை வைத்திருப்பதற்காக, எனக்குப் பாட முடியாது என்று கை உயர்த்தச் சொல்கிறீர்களா?"

நியாயம் முழுக்க அவர்கள் பக்கம் இருக்கும்போது ஏமாற்றப்பட்டவள் எதைச் சொல்லி அழுவாள்?

வீட்டுக்கு வந்து குசினிக் கதிரையில் இருந்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். என் மனுசன் பகிடி விடவில்லை. "விடும். அவன் உம்மடை வேலையைத்தானே எடுத்தவன், தொண்டையைப் பிடுங்கேல்லையே" என்றார்.

"தொண்டையைத்தான் பிடுங்கினவன்" என்றேன்.

தமிழ் ஆராதனைக்குத் திரும்பிப் போனேன். டொக்டரின் மனைவி, "வாங்கோ அக்கா, பின் வரிசையிலை இடம் இருக்கு" என்றாள். பின் வரிசையில் இருந்து பாடினேன். ஆமென் வரும் இடங்களில் எனக்கு நாக்குத் தடுமாறியது. எல்லாரும் தங்கள் ஜெபத்துக்குத் தாங்களே ஆமென் போட்டார்கள், எனக்கு அது இப்போது பிழையாகக் கேட்டது. ஓர் இடத்துப் பழக்கத்தைக் கற்று மற்ற இடத்துப் பழக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் வாயை அசைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஹங்கேரி அம்மா முந்திச் செய்ததுபோல.

ஒரு வருடம் போனது. அடுத்த புதுவருடத்துக்குக் கொஞ்ச நாள் முன்னம் அந்த அம்மா ரெலிபோன் எடுத்தார். இடுப்பில் சத்திரசிகிச்சையாம், தடி பிடித்து நடக்கிறாராம், புத்தகமும் பிடித்துத் தடியும் பிடிக்க முடியவில்லையாம். "உங்கள் கதிரையில் நான் யாரையும் இருக்க விடவில்லை. ஒரு நாள் மட்டும் வாருங்கள்" என்றார். முடியாது என்று வைத்துவிட்டேன். மறுநாளும் எடுத்தார்.

"போய்ட்டு வாரும்" என்றார் என் மனுசன். "போகாட்டில் வருசம் முழுக்க என்னோடைதான் சண்டை பிடிப்பீர்."

போனேன். இரக்கப்பட்டுப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அப்படிப் போகவில்லை. நான் இல்லாமல் அந்தப் பாட்டு விழுந்து கிடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவன் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், ஒரு சத்தமும் வரக்கூடாது, யாரோ இரும வேண்டும். அதைப் பார்க்கத்தான் றெயின் ஏறினேன். சேலை கட்டவில்லை, சாதாரணமாக ஒரு கறுப்புப் பாவாடையோடு போனேன்.

அம்மாவின் பக்கத்தில் இருந்து புத்தகத்தைப் பிடித்துக் கொடுத்தேன். வாய் திறப்பதில்லை என்று முடிவு. அவன் முன்னால் நின்றான், சட்டைக் கை மடிப்பு மேலங்கிக்குள் இருந்தது. அந்தச் சங்கீதம் வந்தது. முதல் வரியைப் பாடினான், கடைசிச் சொல்லை விட்டான்.

சபை எடுத்தது. ஒரு குரலும் தயங்கவில்லை. கிழவர், குமரிகள், மடியில் இருந்த குழந்தைகள்கூட, எல்லாருமாக அந்த 'லூ'வுக்குப் போய், மேலே ஒரு தட்டுத் தட்டி, வளைந்து, இறங்கினார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன வேதக் கோயிலில் என் பெரியம்மாமாரும் நானும் பாடிய அதே வளைவு. நானூறு யூதர்களின் வாயில்.

இரண்டாவது வரியில் அவன் கையைப் படுக்கையாக நீட்டினான், நேராக, நேராக என்று. ஓர்கன்காரர் எனக்குக் காட்டிய அதே கோடு. தானும் சேர்ந்து நேராகப் பாடிக் காட்டினான். சபை அவனைப் பொருட்படுத்தவில்லை. அவன் குரல் நேர்கோட்டில் தனியாகப் போக, மற்றவர்கள் எல்லாரும் வளைந்து இறங்கினார்கள். அழகாக இருக்கிறது, விடுங்கள் என்று அன்றைக்கு நாடாவைச் சுற்றிக் கேட்டவன் இவன்தான்.

அம்மா என் பக்கம் சாய்ந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. "பாவம், வருடம் முழுக்க இதை நேராக்கப் பார்க்கிறார்" என்று காதில் சொன்னார். "முடியுமா? நாங்கள் எப்போதும் இப்படித்தானே பாடுகிறோம்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதும் இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்துகொண்டு, என் வாயில் இருந்து ஒவ்வொரு ஒலியாக எடுத்த மனுசி, அது எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டார். மெய்யாகவே மறந்துவிட்டார். பாட்டு விழுந்து கிடந்திருந்தால் மன்னித்திருப்பேன். பாட்டு கெட்டுப்போயிருந்தாலும் மன்னித்திருப்பேன்.

சங்கீதம் முடிந்தது. அவன் தலையை நிமிர்த்தினான், அப்போதுதான் என்னைக் கண்டான். இந்த முறை கண்ணை நகர்த்தவில்லை. முகம் சிவந்தது. ஏதோ கேட்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு, கைகளை உயர்த்தி, சபைக்கான ஆசீர்வாதத்தைப் பாடினான். குரல் நன்றாகத்தான் இருந்தது, நான் மறுக்கமாட்டேன். பாடி முடித்து, வழக்கம்போலக் கடைசிச் சொல்லை எங்களுக்கு விட்டுவிட்டுக் காத்து நின்றான்.

"ஆமென்" என்றது சபை. அம்மா முழங்கையால் என்னை இடித்தார். நான் புத்தகத்தை மூடி அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். என் பங்கு ஆமெனை நான் இன்னும் சொல்லவில்லை.